ஒரே பக்கம் சாய்ந்த சாடிகள்

1

இங்கிலாந்தின் நடுவே இருக்கும் இந்த நகரத்தில் நவம்பர் பிறந்ததும் என் அரலியா இலைகளைக் கொட்டிவிட்டு உறங்கத் தொடங்கும். தமிழ்நாட்டார் அதை ஈழத்தலரி என்பார்கள். இலங்கையில், எங்கள் பதுளைப் பக்கத்துத் தமிழருக்குச் சிங்களப் பெயரே பழகிவிட்டது. சமையலறை ஜன்னலுக்கு அடியில், ஒரு பிளாஸ்டிக் சாடியில் நிற்கிறது. இலையில்லாத அரலியா பார்க்க அழகான செடி அல்ல. முடிச்சு முடிச்சாகச் சாம்பல் நிறக் கொம்புகள், அவ்வளவுதான். தேநீர் குடிக்க வந்த பக்கத்து வீட்டு ஆங்கிலேயர் அது செத்துப்போன மரம் என்று நினைத்து எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

இந்த வருடம் குளிருக்குப் பயந்து அதை உள்ளே எடுத்தபோது, சாடியின் அடித்துளைகள் வழியே வேர் வெளியே வந்திருந்தது. ஊற்றிய தண்ணீர் மண்ணில் நிற்காமல் நேராகத் தட்டுக்கு இறங்கியது. சாடியின் வயிறு ஒரு பக்கம் புடைத்திருந்தது. சாடி மாற்ற வேண்டும் என்பதற்கு இதற்கு மேல் அடையாளம் தேவையில்லை. எப்போது என்பதுதான் கேள்வி. இப்போதேயா, சித்திரை வரை பொறுப்பதா?

என் மகள் திவ்யா கைபேசியைத் தடவிப் பார்த்தாள். "தூங்கும்போது தொடக்கூடாது அப்பா. முளை வரணும்" என்றாள். அவளுக்குப் பதினேழு வயது. தமிழ் முழுவதும் புரியும். பேசுவதைத்தான் வருடத்துக்கு வருடம் குறைத்துக்கொண்டு வருகிறாள்.

கைபேசி சொல்வது சரியாகத்தான் இருக்கும். இருந்தாலும் அரலியா விடயத்தில் நான் அக்காவைக் கேட்காமல் எதுவும் செய்வதில்லை. மறுநாள் வேலைத்தலத்தில் மதிய இடைவேளையின்போது அவளை அழைத்தேன்.

2

சரோஜா அக்கா ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், எங்கள் பெற்றோர் இருந்த அதே லயத்தில் இருக்கிறாள். ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பல ஒற்றை அறைக் காம்பராக்கள் கொண்ட அந்த நீள வீட்டில் அவளுடையது கடைசி. கொழுந்து எடுத்து இடுப்பு வலி கண்ட பிறகு தோட்டத்து வேலைப் பதிவிலிருந்து பெயரை வெட்டிக்கொண்டாள். அதன் பிறகு அரலியாதான் தொழில். மரத்தில் கொம்பு வெட்டி, பால் வடிந்து காயம் உலரும் வரை அடுப்படி மூலையில் சாய்த்து வைத்து, பிறகு மணல் கலந்த மண்ணில் ஊன்றுவாள். தேறியதைச் சிமெந்துச் சாடிக்கு மாற்றுவாள். எல்ல என்ற ஊரின் சுற்றுலா விடுதிகளுக்கும் பண்டாரவளை வீடுகளுக்கும் அவை போகும். சாடிகளும் வீட்டிலேயே வார்த்தவை. வார்ப்பவர் அக்காவின் கணவர் மாரிமுத்து மாமா.

லயத்தின் பின்சுவருக்கும் மலைச்சரிவுக்கும் நடுவே மாமா போட்ட நீளமான சிமெந்துக் கட்டு ஒன்று உண்டு. விற்பனைக்குத் தயாரான சாடிகள் அந்தக் கட்டின் மேல் வரிசையாக நிற்கும்.

"தூங்குற செடிய எழுப்பாத. பேசாம வை. பங்குனி சித்திரைல பாத்துக்கலாம்" என்றாள் அக்கா. திவ்யாவின் கைபேசி சொன்னதேதான். பிறகு தானாகவே சொன்னாள்: "நான்தான் இங்க நாளைக்கு எல்லாத்தையும் மாத்தலாம்னு இருக்கேன்."

எனக்கு அது விளங்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஐப்பசியில் பிடிக்கும் மழை தை வரை விடாது. மழைக்காலத்தில் சாடி மாற்றினால் அறுந்த வேரில் ஈரம் ஏறி அழுகிவிடும். எனக்கு அதைச் சொல்லித் தந்தவளே அவள்தான். மாசி, பங்குனி வெயிலைத் தவிர வேறு காலத்தில் அவள் சாடி மாற்றி நான் பார்த்ததில்லை.

"இந்த மழையிலயா?"

"என்ன செய்யச் சொல்ற? எல்லாம் சாயுதுடா. தலை பெருத்துருச்சு, சாடி தாங்கல. போன கிழமை கல்லு வச்சு நிமுத்தினேன், திரும்பச் சாஞ்சிருச்சு. ரெண்டு சாடி வெடிச்சே போச்சு."

இவையெல்லாம் சாடி மாற்ற வேண்டிய அடையாளங்கள்தான். தலைப்பாரம் கூடினால் செடி சாயும். வேர் நெருக்கினால் சாடி வெடிக்கும். அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. "போட்டோ அனுப்பு" என்றேன். செடியைப் பார்க்கும் ஆசை, வேறொன்றும் இல்லை. "அனுப்புறேன், அனுப்புறேன். பீலித் தண்ணி கலங்கலா வருது, பிடிச்சுத் தெளிய வைக்கணும்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தாள்.

பீலி என்பது மலையின் ஊற்றிலிருந்து லயத்துக்குத் தண்ணீர் வந்து விழும் குழாய். மழையில் கலங்குவது இயல்புதான் என்று நினைத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினேன்.

3

அங்கே இருட்டும் முன் எடுத்த படம் இங்கே மாலையில்தான் வந்து சேர்ந்தது. நான் இங்கே பொதிகள் பிரிக்கும் கிடங்கில் வேலை பார்க்கிறேன். அதற்கு முன்பு பதுளையில் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குச் செய்தியாளனாகப் பல வருடம் இருந்தவன். படத்தைப் பார்க்கும்போது முகத்தை விட்டுவிட்டுப் பின்னணியைப் பார்ப்பது அங்கே படிந்த பழக்கம். படத்தின் முன்னால் அக்கா ஒரு சாடியைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள். பின்னால் வரிசை முழுவதும் தெரிந்தது.

தலைப்பாரத்தால் சாயும் செடிகள் ஆளுக்கொரு பக்கம் சாயும். எந்தப் பக்கம் கொம்பு கனத்திருக்கிறதோ அந்தப் பக்கம். படத்தில் இருந்த செடிகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. பள்ளத்தாக்குப் பக்கம். கனத்த கொம்பு மலைப்பக்கம் நீண்டிருந்த ஒரு செடிகூடப் பள்ளத்தைப் பார்த்தே சாய்ந்திருந்தது.

படத்தைப் பெரிதாக்கினேன். செடிகள் மட்டும் சாயவில்லை. சாடிகளே சாய்ந்திருந்தன. துணிக்கொடி கட்டியிருந்த கம்பமும் அப்படியே. மழைத் தண்ணீர் நிறைந்திருந்த, இன்னும் துளை போடாத ஒரு வெறும் சாடியில் தண்ணீர் ஒரு பக்கம் விளிம்பைத் தொட்டு நின்றது. மறுபக்கம் விரலளவு உள்வாய் தெரிந்தது.

கலங்கிய பீலி நினைவுக்கு வந்தது.  கதிரையைத் தேடி உட்கார்ந்தேன்.

மண்சரிவுச் செய்திகளை நான் நிறைய எழுதியிருக்கிறேன். தப்பி வந்தவர்களிடம் முன்னால் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், அநேகமாக ஒரே பதில்கள்தான் வரும். கதவு பொருந்தாமல் போனது. மரம் சாய்ந்தது. ஊற்றுத் தண்ணீர் நிறம் மாறியது. யாரும் அதை மலையின் வேலை என்று நினைத்திருக்கமாட்டார்கள். கதவென்றால் ஆசாரியைத் திட்டியிருப்பார்கள். மரமென்றால் காற்று. அக்காவிடம் இருந்தது அரலியா. அதற்கு அவள் தொழில் தெரிந்த பதில் ஒன்றை வைத்திருந்தாள். பெரிய சாடி.

4

திவ்யாவிடம் படத்தைக் காட்டினேன். "அத்தை ஏன் வேற வீட்டுக்குப் போகல?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. இங்கே ஒருவர் வீடு மாறுவது என்றால் அட்டைப் பெட்டியும் வாடகை வண்டியும்.

எப்படி விளக்குவது? காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். விட்டுப் போனால் திரும்பக் கிடைக்கும் என்று நிச்சயம் இல்லை. வேறு இடத்தில் காணி கொடுப்பதாக அதிகாரிகள் பெயர் பதிந்துகொண்டு போய்ப் பல மழைக்காலம் ஆகிவிட்டது. ஒவ்வொரு அடைமழைக்கும் கிராம சேவகர் வந்து பாடசாலைக்குப் போகச் சொல்வார். போவார்கள். வகுப்பறைத் தரையில் படுப்பார்கள். மலை அப்படியே இருக்கும். திரும்பி வந்தால் கோழிகள் இருக்காது. ஒரு தடவை அக்காவின் தோசைக்கல் போனது. அதைத் தூக்கியவன் யாரென்று லயம் முழுக்கத் தெரியும், கேட்கத்தான் முடியவில்லை. அதற்குப் பிறகு அவள் போவதில்லை.

இவ்வளவையும் ஒரு மூச்சில் சொன்னேன். திவ்யா, "கோழிக்காகவா?" என்றாள். 

மறுநாள் காலை மேற்பார்வையாளரிடம் அவசர விடுமுறை கேட்டேன். பதற்றத்தில் என் ஆங்கிலம் எப்போதும் தோட்டத்துக்குத் திரும்பிவிடும். "என் அக்கா வீட்டுக்கு மலை வருகிறது" என்றேன். அவர் நல்ல மனிதர். நிதானமாகக் கேட்டார்: வந்துவிட்டதா? இல்லை. யாருக்காவது காயமா? இல்லை. நடந்துவிட்ட அவசரத்துக்கே விடுமுறை உண்டு, நடக்கப் போவதற்கு இல்லை என்று விளக்கினார். வருடாந்த விடுமுறையில் எடுக்கலாமாம், ஆனால் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டுமாம். போனாலும் நான் மலையைப் பிடித்து நிறுத்தப் போவதில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

ஒரு வாக்கியம் மட்டும் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. 'முன்னெச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தும் மக்கள் வெளியேறவில்லை.' மண்சரிவுச் செய்தியின் மூன்றாம் பந்தியில் வழக்கமாக வரும் வாக்கியம். இப்போது அங்கே செய்தி எழுதிக்கொண்டிருக்கும் யாரோ ஒருவர் அதை என் அக்காவுக்காக எழுதிவிடுவார் என்று பயந்தேன்.

5

இடைவேளைக்குக் காத்திராமல் கிடங்கின் பின்புறம் போய் வீடியோவில் அழைத்தேன். மாமாதான் எடுத்தார். பின்னால் தகரத்தில் மழை.

"என்ன மாப்ள, வேலை இல்லையா? வெள்ளைக்காரன் வீட்டுக்கு அனுப்பிட்டானா?"

"அக்காகிட்ட குடுங்க மாமா."

அக்கா கை நிறைய மண்ணோடு வந்தாள். நான் படத்தில் பார்த்ததைச் சொன்னேன். முடிக்க விடவில்லை.

"வாய வைக்காத. அங்க உக்காந்துக்கிட்டு நல்லதா ஏதாவது சொல்லுவியா? ஐப்பசி மழைய நாங்க இன்னைக்குத்தான் பாக்குறமா?"

"எல்லாச் சாடியும் ஒரே பக்கம் சாஞ்சிருக்கு அக்கா."

"காத்து அந்தப் பக்கம்."

"சாடி சிமெந்து, அக்கா. காத்துக்குச் சாயுமா?"

"அப்ப வேர் தள்ளுது. செடி நீ வளக்குறியா, நான் வளக்குறேனா? ஒத்தச் செடிய வச்சுக்கிட்டு அதுக்கும் என்னையக் கேக்குற."

மாமா பின்னாலிருந்து சிரித்தார்.  மலை, சரிவு, பாடசாலை என்று எதைச் சொன்னாலும் அவள் காது மூடிக்கொள்ளும். அரலியாவைப் பற்றிச் சொன்னால் மட்டும் திறக்கும்.

"சரி. ஒண்ணே ஒண்ணு செய். ஒரு சாடிய அதே இடத்துல அரை வட்டம் திருப்பி வை. தலைப்பாரம்னா செடி இப்ப மலைப்பக்கம் சாயணும். சாடி வாய் பள்ளத்துப் பக்கம் சாயக்கூடாது."

"எதுக்கு?"

"செய்யேன்."

திட்டிக்கொண்டே போனாள். கைபேசியை மாமா பிடித்திருந்தார். அவர் கை ஆட, சுவரும் வானமும் மாறி மாறி வந்தன. அக்கா குனிந்து ஒரு சாடியைக் கட்டிப்பிடித்துத் திருப்பினாள். பின்னால் வந்து நின்று பார்த்தாள். பக்கத்துச் சாடியையும் திருப்பினாள். மூன்றாவதை நான் கேட்காமலே திருப்பினாள்.

 ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள்.

"இதுவும் கீழதான் பாக்குது" என்றாள்.

"கட்டு இறங்கியிருக்கு" என்றேன்.

"கட்டு போட்டவன் சரியில்ல."

"அந்தக் கட்டப் போட்டது நான்டி" என்றார் மாமா. "நூல் பிடிச்சு மட்டம் பாத்துப் போட்டேன். வார்த்தப்ப தண்ணி ஊத்தினா அசையாம நின்னுச்சு."

 மட்டம் பார்த்துப் போட்ட கட்டு தானாகச் சாயாது. அக்கா கட்டையும் அதன் பின்னால் எழும்பிய சரிவையும் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் அதுவரை நான் பார்த்திராத ஒரு கவனம். அப்போது தொடர்பு அறுந்தது.

6

அன்று முழுவதும் அழைப்பு போகவில்லை. மறுநாளும் காலையில் போகவில்லை. பதுளைப் பக்கம் மின்சாரம் இல்லை, சில வீதிகள் மூடப்பட்டிருக்கின்றன என்று ஊர்ச் செய்திகள் சொல்லின. ஹல்துமுல்லை என்ற பெயர் வருகிறதா என்று தேடினேன். வராவிட்டாலும் நிம்மதி இல்லை, செய்தியாளர் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை என்றும் அர்த்தமாகலாம். பொதிகளில் ஒட்டியிருந்த முகவரிகளை வாசித்தேன், ஒன்றும் மனதில் பதியவில்லை. ஒரு பொதியைத் தவறான ஓடும் பட்டியில் போட்டு, பட்டி நின்று, என்னால் எல்லோரும் நின்றார்கள்.

அக்காவின் எண் கிடைக்காமல், அவளிடம் சாடி வாங்கி விற்கும் பதுளைக் கடைக்காரர் ஃபாரூக் நானாவை அழைத்தேன். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்போம். அவர் எடுத்ததும் சத்தமாகச் சிரித்தார்.

"தம்பி, உங்க அக்கா என்னையப் பாடாப் படுத்திட்டாங்க. நேத்து தோட்டத்து ஆபீஸ் போன்ல இருந்து கோல் எடுத்து, லொறி கொண்டு வாங்க, எல்லாச் சாடியையும் ஏத்தணும்கிறாங்க. இந்த மழையில யாரு பூச்சாடி வாங்குறான்னு கேட்டேன். நீங்க வாங்க வேணாம், பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போய் இறக்குங்க போதும்கிறாங்க. வெலிமடையில கிழங்கு ஏத்தி இறக்கிட்டு வந்த லொறிய அனுப்பினேன். டிரைவர் ஏசுறான்."

"அக்காவும் போயிட்டாங்களா நானா?"

"சாடிய விட்டுட்டு அவங்க எங்க இருப்பாங்க? லொறில முன்னுக்கு உக்காந்து போயிருக்காங்க. உங்க மாமா பின்னுக்குச் சாடியோட, மழைக்கு ரப்பர் ஷீட்டைப் போத்திக்கிட்டு."

கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். 

7

மூன்றாம் நாள் காலை, நான் வேலைக்குக் கிளம்பும் முன்பே அக்கா தானாக அழைத்தாள். பாடசாலையின் சைக்கிள் கொட்டகையில் நின்றிருந்தாள். பின்னால் அரலியாக்கள்.

"மலை வரல" என்றாள். முதல் வார்த்தையே அதுதான்.

"வரலையா?"

"அப்படியேதான் நிக்குது. லயத்துல எல்லாரும் என்னையப் பாத்துச் சிரிக்கிறாங்க. சாடிக்காரி சாடியோட குடும்பம் நடத்தப் போயிட்டாளாம். பக்கத்துக் காம்பரா பார்வதி புருசன் சொல்றான், லண்டன்ல இருந்து மழைக்குக் குடை பிடிக்கிறாங்களாம்."

நான் பயந்தது இதற்குத்தான். வெளியேறிய பிறகு மலை அசையாமல் நின்றால் மறுபடி வீட்டுக்குப் போய்விடுவார்கள். சரிந்தால் மட்டுமே நான் சொன்னது சரியாகும். யாரும் விரும்பக்கூடாத அதை ஒரு கணம் மனம் விரும்பியதா என்று கேட்டால், எனக்குப் பதில் தெரியவில்லை.

"அக்கா, திரும்பிப் போயிடாத."

 கைபேசியைத் திருப்பிக் கொட்டகையைக் காட்டினாள். கொட்டிக் கிடந்த மணல். உடைந்த பழைய சாடிகளின் சில்லுகள். ஒவ்வொரு செடியும் பெரிய சாடியில், புது மண்ணில், இரண்டு கம்பு ஊன்றி நாரால் கட்டப்பட்டு நின்றது.

"எல்லாத்தையும் மாத்திட்டேன்."

"மழைக்காலத்துலயா?"

"கூரை இருக்குல்ல. தண்ணி காட்டாம வச்சிருக்கேன்."

மாமாவின் குரல் எங்கிருந்தோ கேட்டது. "நல்லா இருந்த சாடியவும் உடைச்சுட்டா மாப்ள. கேட்டா கோவப்படுறா. லொறிக்காரன் நாளைக்கு வர்றேன்னான், திருப்பிக் கொண்டு போயிடலாம்னு பாத்தேன்."

"எப்படிக் கொண்டு போறது?" அக்கா அவரைப் பார்த்துத்தான் கேட்டாள். "சாடி மாத்தின செடிய அசைச்சா வேர் பிடிக்குமா? புது இலை விடட்டும். அதுக்கப்புறம் பேசலாம்."

"எப்ப விடும்?" என்றேன்.

"தை பொறந்து வெயில் ஏறணும்."

மழையும் அதோடு விட்டுவிடும். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் கெட்டுவிடும். பயந்து வந்தேன் என்று அக்கா எந்தக் காலத்திலும் யாரிடமும் சொல்லமாட்டாள். செடி அசையக்கூடாது என்று சொல்வாள். லயத்தில் யார் சிரித்தாலும், மாமா எத்தனை முறை கேட்டாலும் அது போதும்.

"மத்தவங்க?" என்று கேட்டேன்.

"பார்வதி பிள்ளைகளோட இப்பத்தான் வந்தா. புருசன் வரல, கோழிக்குக் காவலாம். மத்த காம்பராக்காரங்க நாளைக்குப் பாக்கலாம்கிறாங்க."

"நாளைக்கா?"

"ஆமா. கிராம சேவகரும் வந்து சொல்லிட்டுப் போயிட்டாரு. நானும் கத்திப் பாத்துட்டேன். ஒரு சாடிய அங்கேயே வச்சுட்டு வந்திருக்கேன். திருப்பித் திருப்பிப் பாருங்கடான்னு பார்வதி புருசன்கிட்ட சொன்னேன்."

"பாத்தானா?"

"சிரிக்கிறான்."

கைபேசியைக் கொட்டகைக்கு வெளியே நீட்டினாள். லயம் இருக்கும் மலையைக் காட்டத்தான். திரையில் வெள்ளை மட்டுமே தெரிந்தது. மூடுபனியா, மழையா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. திவ்யா வந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

"அதுக்குள்ளதான்" என்றாள் அக்கா. "பாத்துக்கிட்டே இரு. விலகினா தெரியும்."

மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். விலகவில்லை.